மழை வராது என்று எழுதாத வகுப்பு

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு டேஷ்போர்டைத் திறந்து காட்டியிருப்பார்கள். எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இன்று டேப்லெட்டைத் தொட்டார்கள், யார் என்ன எழுதினார்கள், எல்லாம் வண்ண வண்ணமாகத் தெரியும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு திருச்சுழிப் பக்கத்து வகுப்பறையை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்த்து, ஒரு நல்ல டீச்சரின் பெயரைக் கெடுக்கப் போனேன். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாடத்தை எப்படி வடிவமைப்பது, டேப்பில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே. எனக்குச் சொல்ல இருப்பது என் தப்பு மட்டும்தான். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஓய்வு பெற்றபின் குறைந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலை மனப்பாடம் பண்ணாமல், தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான பாடத்தையும் டேப்பில் ஓடும் செயலியையும் செய்வதுதான் எங்கள் வேலை. பாடம் என் பொறுப்பு. செயலி, எங்கள் புரோகிராமர் தம்பியின் பொறுப்பு. உள்ளூர் நெசவுக் குடும்பத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கம்ப்யூட்டரிடம் என்ன பேசுவான் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்கள் முதல் பாடம், நனைத்த நூல் எங்கே வைத்தால் சீக்கிரம் காயும் என்பது. வெயிலிலா, காற்றிலா, இரண்டும் இருக்கும் இடத்திலா? பிள்ளைகள் முதலில் தங்கள் கணிப்பை எழுதிவிட்டு, பிறகு செய்து பார்க்க வேண்டும். கணிப்பு சரியாக இருந்தால் பச்சையில் ஒரு டிக் விழும். தப்பானால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இரண்டே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளின் கணிப்பும் பச்சையாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் தெரிந்தது, நூலைக் காயவைத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கணிப்பைத் திருத்தியிருக்கிறார்கள். ஏன் என்று ஒரு பையனைக் கேட்டேன். “செவப்பா வருது மேடம், பாக்கவே நல்லால்ல” என்றான்.

தம்பி உடனே சொன்னான். “அக்கா, டிக்கையும் பெருக்கலையும் தூக்கிருவோம். தப்பாப் போனா என்ன இப்ப?”

நான் கேட்கவில்லை. “தூக்க வேணாம். கணிப்பைப் பூட்டிரு. ஒரு தடவை எழுதினா மாத்த முடியாதுன்னு வை. அப்பதான் யோசிச்சு எழுதுவாங்க” என்றேன். அவனும் பூட்டினான். எழுதி முடித்ததும் திரையில் ஒரு சின்னப் பூட்டு வந்து, ‘டக்’கென்ற சத்தத்தோடு மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நாலைந்து சத்தங்களைக் கேட்டுப் பார்த்து, இருப்பதிலேயே உறுதியானதாக எடுத்தேன்.

அடுத்த பாடம், மழை. வானம் பார்த்த பூமியில் பிள்ளைகளுக்கு இதைவிடச் சொந்தமான கேள்வி வேறு எது? மழை வரப்போவதைக் காட்டும் அடையாளங்கள் என்னென்ன, அவற்றில் எதை நம்பலாம் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அடையாளங்களைப் பிள்ளைகளே சொன்னார்கள். தட்டான் தாழப் பறப்பது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது, கிழக்கே மேகம் கட்டுவது. நாங்கள் எங்கள் பங்குக்கு, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு சின்னக் கருவி கொடுத்தோம். தினமும் வீட்டுக்குப் போகும் முன், நாளை மழை வருமா என்று டேப்பில் எழுத வேண்டும். மறுநாள் காலையில், முற்றத்தில் வைத்திருக்கும் அளவு போட்ட பாட்டிலைப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று பள்ளிகளில் ஆரம்பித்தோம். இரண்டு அருப்புக்கோட்டை டவுனுக்குள். மூன்றாவது பரளச்சிப் பக்கம், ஒரு நடுநிலைப்பள்ளி. அங்கே ஏழாம் வகுப்பில் இருபத்தாறு பேர். அறிவியல் டீச்சருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஸ்கூட்டியில் வருவார், அதிகம் பேச மாட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை அவர் பெயரை நான் தாளில் எழுதியதே போதும்.

புரட்டாசியில் தொடங்கினோம். மூன்று வாரம் ஒரு பொட்டு மழை இல்லை. டவுன் பள்ளிகளில் சிலர் ‘வரும்’ என்று எழுதினார்கள், சிலர் ‘வராது’ என்று எழுதினார்கள், சண்டை போட்டார்கள், மறுநாள் மாற்றி எழுதினார்கள். பரளச்சிப் பக்கத்துப் பள்ளியில் மட்டும் இருபத்தாறு பேரும், மூன்று வாரமும், ஒரு நாள் தப்பாமல், ‘வரும்’. மறுநாள் இருபத்தாறு சிவப்பு. அன்று சாயங்காலம் மறுபடியும் இருபத்தாறு ‘வரும்’.

இப்போது யோசித்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. சிவப்பைப் பார்க்கப் பிடிக்காமல் கணிப்பையே திருத்தியவர்களின் வயதுப் பிள்ளைகள்தான் இவர்களும். சிவப்புத்தான் விழும் என்று தெரிந்தே ஒரு வகுப்பு முழுதும் தினமும் அதையே எழுதினால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டாமா? கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் பாடத்தைச் செய்தவளுக்கு அந்த ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் சோம்பல்பட்டு, ‘எல்லாரும் வரும்னு போட்டுட்டுக் கிளம்புங்க’ என்று சொல்லிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதேதான்.

நேரே போய்க் கேட்டேன், ஆசிரியர் அறையில் வைத்து. நல்லவேளை வேறு யாரும் இல்லை.

“டீச்சர், நீங்க சொல்லி எழுத வைக்கிறீங்களா?”

“இல்ல மேடம். பிள்ளைகதான் எழுதுதுக.”

“இருபத்தாறு பேரும் ஒரே மாதிரியா?”

“ஆமா மேடம்.”

“எப்படி?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சொல்ல வந்த எதையோ விழுங்கிக்கொண்டது தெரிந்தது. “தெரியல மேடம்” என்றார்.

பொய் சொல்கிறார் என்பது வரைக்கும் நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். எந்தப் பொய் என்பதில்தான் கோட்டைவிட்டேன். திரும்பி வந்த சூட்டோடு அறிக்கை எழுதினேன். ‘வகுப்பாசிரியர் பதில்களைத் தாமே சொல்லி எழுதவைக்கிறார் எனத் தெரிகிறது. இப்பள்ளியின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல.’ யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி இல்லை. கீழே என் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

இரண்டு நாளில் எங்கள் திட்டத் தலைவர் போன் செய்தார். வியாழக்கிழமை தானே பள்ளிக்கு வருவதாகச் சொன்னார். அறிக்கையில் இருப்பது உண்மை என்றால் டேப்புகளை எடுத்து, காத்திருக்கும் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம், கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்றார். டேப் போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளைகளுக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்று ஒரு டீச்சரின் கோப்பில் ஏறினால் அது எந்தக் காலத்தில் இறங்கும்? ஆனாலும் எழுதியதை மாற்றிச் சொல்ல வீம்பு விடவில்லை.

வியாழக்கிழமை காலை தலைவர் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு. உழுது போட்டிருந்தார்கள், ஒரு பச்சை இல்லை. காற்றடித்தால் புழுதி எழும்பி பஸ் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பள்ளியில் அப்போதுதான் கேட்டைத் திறந்திருந்தார்கள். முற்றத்தில், பாட்டிலின் முன்னால் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முத்துமாரி, ஏழாம் வகுப்பு. அந்த வாரம் அளவு பார்ப்பது அவள் முறை. கண்ணைப் பாட்டிலின் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த பாட்டில். அதற்கும் அந்த மரியாதை கொடுத்தாள்.

“எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன்.

“இன்னும் சேரல மேடம்.”

“பூஜ்யமா?”

“இன்னும் சேரல” என்றாள் மறுபடியும், நோட்டில் எழுதிக்கொண்டே.

பக்கத்தில் உட்கார்ந்தேன். “நேத்து என்ன கணிப்பு போட்ட?”

“வரும்னு.”

“டீச்சர் அப்படிப் போடச் சொன்னாங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் என் அறிக்கை பாதி செத்துவிட்டது. “டீச்சரா? அவுக ஒண்ணுமே சொல்ல மாட்டாக மேடம். நாங்க எழுதயில வகுப்புலயே இருக்க மாட்டாக. வெளிய வேப்ப மரத்துக்கிட்டப் போயி நின்னுக்கிருவாக.”

“அப்ப நீயா, நெசமாவே வரும்னு நெனச்சுத்தான் போட்டியா?”

கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“மேடம், எழுதுனா அது பூட்டிக்கிரும்ல?”

“ஆமா.”

“அழிக்க முடியாதுல்ல?”

“முடியாது.”

“அப்ப எப்படி மேடம் அத எழுதுறது? எல்லாரு வீட்லயும் வெதச்சுக் கெடக்கு.” கேட்டுக்கு வெளியே தெரிந்த கரிசலைக் காட்டினாள். “எங்கய்யா புழுதியிலயே வெதச்சுட்டாக. சோளமும் உளுந்தும். வெதை மண்ணுக்குள்ள கெடக்கயில அந்தச் சொல்லச் சொல்லலாமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தில் முதல் மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மழை இறங்கினால் விதை எழும்பும். தள்ளிப்போனால் எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம்தான். அந்த நாட்களில் மழை வராது என்ற சொல்லை யாரும் வாயால் எடுக்க மாட்டார்கள். ‘இல்லை’ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ‘இன்னும் எறங்கல’, ‘இன்னும் சேரல’, அவ்வளவுதான். டவுன் பிள்ளைகளுக்கு இது இல்லை, அவர்கள் வீட்டில் விதை இல்லை. நான் மதுரைக்குள் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள், எனக்கும் இல்லை. அந்தச் சொல்லைத்தான் தினம் சாயங்காலம் இந்தப் பிள்ளைகளை எழுதச் சொல்லியிருக்கிறோம். எழுதியதும் அதைப் பூட்டி, ‘டக்’கென்று சத்தமும் போட்டிருக்கிறோம்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “சொல்லத்தான் கூடாது மேடம். நெனைக்கலாம்ல?” என்றாள். நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

பென்சில் கோடுகள். நாளுக்கு ஒன்று. சிலது நிமிர்ந்து நின்றன, பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டியாக ஒரு தட்டான், எறும்பு, மேகம், ஈரக் கருவி காட்டிய எண்.

“நிமிந்து நிக்கிறது மழைன்னு நெனச்ச நாளு. படுத்துக் கெடக்கிறது மத்தது” என்றாள். பிறகு ரகசியம் போல, “தட்டான நம்ப முடியாது மேடம். ஒம்பது நாளு தாழப் பறந்துருக்கு. ஒண்ணும் எறங்கல. எங்க பெஞ்சுல மூணு பேரும் போட்டுப் பாத்துட்டோம்.”

நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதினோமோ, அது அத்தனையும் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கவனித்துக் குறித்திருக்கிறாள். அடையாளத்தைச் சோதித்திருக்கிறாள். ஊரே நம்பும் தட்டானைத் தள்ளியும் வைத்திருக்கிறாள். என் செயலிக்குத் தெரியாமல், அதற்குப் பயந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத இன்னைக்கு வர்ற சார்கிட்ட காட்டட்டுமா?” என்றேன்.

இரண்டு கையாலும் நோட்டை மூடிக்கொண்டாள். “வேணாம் மேடம். அவுக எல்லாத்துக்கும் முன்னாடி சத்தமா வாசிச்சிருவாக.”

“சரி. காட்ட மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனேன். “முத்துமாரி சொல்லிட்டா டீச்சர். நான் அன்னைக்குக் கேட்டப்பவே நீங்க சொல்லியிருக்கலாமே?”

“எப்படி மேடம் சொல்றது?” என்றார். “நான் சயின்ஸ் டீச்சர். நான் இதச் சொன்னா, பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை, டீச்சருக்கும் மூடநம்பிக்கைன்னு எழுதிட்டுப் போயிருவீக. நாந்தான் எழுத வச்சேன்னு நீங்க எழுதுனா அது என்னோட போயிரும். பிள்ளைகளப் பாத்தாச்சும் சிரிக்க மாட்டீகல்ல?” பிறகு ஸ்கூட்டியின் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்க வீட்லயும் ரெண்டு குறுக்கம் நெலம் வெதச்சிருக்கு மேடம். அதுக எழுதயில பக்கத்துல நிக்க எனக்கே பயமாத்தான் இருக்கும். அதான் வெளிய வந்துருவேன்.”

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் லேசில் வராது. அன்று வந்தது.

தலைவர் பத்து மணிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் நாங்கள் நால்வர். என் அறிக்கையை மேஜைமேல் வைத்தார். எனக்கு எதிரே டீச்சர், மடியில் கைகளைக் கோத்தபடி. அந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அடுத்த வகுப்பறையில்தான் அது இருந்தது. தலைவர் நல்ல மனிதர், சந்தோஷப்பட்டு அதைப் படம் பிடித்து நாலு கூட்டத்தில் காட்டுவார். முத்துமாரி சொன்னது அதுதான்.

“சார், அந்த ரிப்போர்ட் தப்பு” என்றேன். “டீச்சர் எழுத வைக்கலை. தப்பா எழுதினது நான்தான்.”

“முந்தாநாள் போன்ல உறுதியா இருந்தீங்களே மேடம். இப்ப என்ன ஆதாரம் கிடைச்சுது?”

“கிடைச்சுது. காட்ட முடியாது.”

“என்ன மேடம், விளையாடுறீங்களா?”

“ஒரு பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார்.” அவரை ஜன்னலுக்கு அழைத்தேன். கரிசலைக் காட்டினேன். சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று சொன்னேன். “இந்தப் பிள்ளைங்களால எழுத முடியாத ஒரு சொல்லைத் தினமும் எழுதச் சொல்லியிருக்கேன். எழுதினதைப் பூட்டியும் வச்சிருக்கேன். தப்பு நான் வச்ச கணிப்புக் கட்டத்துல சார், அவங்க பதில்ல இல்லை.”

தலைவர் நம்பியும் நம்பாமலும் நின்றார். தலைமையாசிரியர் அப்போது நாற்காலியை விட்டு எழுந்தார். “சார், நான் கணக்கு வாத்தியார். எம்.எஸ்ஸி. படிச்சவன். மொத மழை எறங்குற வரைக்கும் அந்தச் சொல்ல நானும் சொல்ல மாட்டேன் சார்” என்றார்.

தலைவர் உட்கார்ந்தார். “அப்ப உங்க பாடம் தோல்வின்னு எழுதிக்கலாமா?”

“எழுதிக்கங்க சார். என் பாடம் தோத்துருச்சு. பிள்ளைங்க தோக்கலை.”

அறிக்கையை என் பக்கம் தள்ளினார். “நீங்களே அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.” அந்த இரண்டு வரியையும் அடித்தேன். இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. ஐப்பசி முடியும்வரை டேப்புகள் அங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்த வருடம் பாடத்தை மற்ற ஒன்றியங்களுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் டீச்சர் அன்று எழுந்து போகும்போது மேஜையைச் சுற்றி வந்து என் கையை ஒரு நொடி பிடித்துவிட்டுப் போனார். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது.

மறுநாள் தம்பியிடம் சொன்னேன், கணிப்புக் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் வேண்டும் என்று. ‘உனக்கு என்ன நடக்க வேண்டும்?’ என்று அது கேட்கும். அதற்கு டிக் கிடையாது, பெருக்கல் கிடையாது, எதோடும் ஒப்பிடக் கூடாது.

“ஆசைக்கு ஒரு கட்டமா? அக்கா, இது சயின்ஸு ஆப்புக்கா” என்று சிரித்தான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “எங்க வீட்ல தறியில பாவு ஏத்தயில ‘நூலு அறுந்துரும்’னு யாராச்சும் சொல்லிப் பாக்கட்டும். எங்கம்மா தெலுங்குலயே நாலு வாங்கு வாங்கிருவாக” என்றான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். “நானும் உள்ளூர்க்காரந்தான். எனக்குமே தோணலயேக்கா.”

இரண்டு நாளில் முடித்துவிட்டான். கணிப்புக் கட்டத்தில் சொல்லே இல்லை. நிற்கும் கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, தொட்டால் போதும். முத்துமாரியிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்துக்கொண்டோம். பூட்டையும் சத்தத்தையும் பச்சை சிவப்பையும் என்னைக் கேட்காமலே தூக்கியிருந்தான். நான் கத்தவில்லை. அலுவலகமே ஆச்சரியப்பட்டது.

முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆசைக் கட்டத்தில் பிள்ளைகள் எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள். கண்மாய் நிறைய வேண்டும், கிணறு நிறைய வேண்டும், எங்கள் காட்டுக்கு முதலில் பெய்ய வேண்டும். ஒருவன் மழையும் வேண்டும், அன்றைக்கு லீவும் வேண்டும் என்று எழுதியிருந்தான். அதை எழுதி முடித்தபின் அடுத்த கட்டத்துக்கு வந்தார்கள். முதல் முறையாகப் படுத்த கோடுகள் விழ ஆரம்பித்தன.

“ஏலே, தட்டான் தாழத்தான பறக்கு, எதுக்குப் படுக்கப் போட்ட?”

“முந்தாநாளுந்தான் பறந்துச்சு. எறங்குச்சா?”

“மேகத்தப் பாருலே, கெழக்க கட்டிக்கிட்டு நிக்கி!”

“கருவி என்ன காட்டுதுன்னு மொதல்ல பாரு, பெறகு பேசு.”

ஒரே இரைச்சல். டீச்சர் அன்று வெளியே போகவில்லை. பலகையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பாடு ஒரு பயிற்சியில் பெரிய படிப்புப் படித்த ஒருவர், அறிவியலில் ஆசைக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்டார். ஆசை எப்போதும் உள்ளேதான் இருந்தது, அதற்கு இடம் கொடுக்காததால் கணிப்பின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது என்றேன். பஸ்ஸில் ஒரு சீட்டு கொடுத்துவிட்டால் அடுத்தவர் சீட்டை ஏன் பிடிக்கப்போகிறது? அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திரையில் ஒரு வகுப்பே ஒரே மாதிரி தெரிந்தால், அறிக்கையைத் திறக்கும் முன் ஒரு பஸ்ஸைப் பிடியுங்கள். போய், அளவு பார்க்கிற பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். காட்டாதே என்று அந்தப் பிள்ளை சொன்னால் காட்டாதீர்கள், உங்கள் வேலைக்கே அது ஆதாரமாக இருந்தாலும்.

அந்த வருடம் மழை தள்ளித்தான் வந்தது. பாதி விதை வீணாகி, சில வீடுகளில் இரண்டாம் தடவை விதைக்க வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்து பத்து நாளிருக்கும். மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த நேரம் டீச்சரின் போன். “மேடம், கேக்குதா?” என்று கத்தினார். எனக்கு அவர் குரலே கேட்கவில்லை. ஓட்டுக்கூரைமேல் படபடவென்ற சத்தம்தான் கேட்டது. அவர் போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நின்றுகொண்டு கேட்டேன்.

பிறகு யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

“மேடம், நான் முத்துமாரி. நேத்து நான் படுக்கப் போட்டேன் மேடம்! எனக்குத் தப்பாயிருச்சு! தப்பாயிருச்சு மேடம்!”

சிரித்துக்கொண்டே கத்தினாள். தப்பு என்றால் சிவப்பு, பார்க்கவே நல்லால்ல என்றிருந்த பிள்ளைகளை, தப்பைக் கண்டு பயப்படாதவர்களாக ஆக்கத்தான் வேலைக்கு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாகத் தன் தப்பைச் சொன்ன ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனாலும் பழக்கதோஷம் விடுமா?

“எதனால தப்பாச்சுன்னு பாத்தியா?” என்று கேட்டேன்.

“அத நாளைக்குப் பாக்கேன் மேடம். இன்னைக்கு நனையப் போறேன்” என்று சொல்லி, போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.